ஒரு வாய்க்கால், மூன்று மடை: யூ.எஸ்.பி மின்பிரிப்பானை வீட்டில் செய்யும் முறை

காலபோக நெல் குடலைப் பருவம் தாண்டிக் கதிர் தள்ளத் தொடங்கியதும், வன்னியில் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கங்களில் வயல்வரம்புகள்தோறும் காவற்கொட்டில்கள் எழும். பன்றிக்கும் யானைக்கும் காவலாக இரவு முழுவதும் மூன்று நான்கு பேர் அங்கே விழித்திருப்பார்கள். கொட்டிலின் கூரையில் ஒரு சிறிய சோலார் பனல், கீழே 12 வோல்ற்றுப் பற்றரி, பற்றரியிலிருந்து 5 வோல்ற்று எடுப்பதற்குக் கார்களில் செருகும் வகையைச் சேர்ந்த ஓர் அடப்டர் என்று எல்லாம் இருக்கும். ஆனால் அந்த அடப்டரில் யூ.எஸ்.பி வாய் ஒன்றுதான் இருக்கும். மூன்று போன், ஒரு ரோச் லைற், ஒரு சிறிய வானொலி ஆகிய ஐந்தும் அந்த ஒரு வாய்க்காக வரிசையில் காத்திருக்கும். அந்த ஒரு வாயை மூன்றாக்கும் சிறிய பெட்டிதான் இங்கே சொல்லப்படும் மின்பிரிப்பான். அதற்கு வேண்டிய பொருட்கள் ஒரு சட்டைப் பையில் அடங்கிவிடும். செய்வது அரை நாள் வேலை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் வயரை வெட்டினால், வானொலியோ போனோ பாழாகும் வாய்ப்பு உண்டு.

யூ.எஸ்.பி என்பது 1996 இல் கணினிகளுக்காக வகுக்கப்பட்ட இணைப்பு முறை. அச்சுப்பொறி, விசைப்பலகை போன்றவற்றைக் கணினியோடு ஒரே வகையான செருகியால் இணைப்பதே அதன் நோக்கம். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பொது வழியாக அது மாறியது பின்னாளில். எங்கும் காணப்படும் தட்டையான, நீள்சதுர வாயை ஏ வகை என்பார்கள். அதனுள்ளே நான்கு தொடுகைகள் உள்ளன. இரண்டு ஓரங்களில் இருப்பவை மின்சாரத்துக்குரியவை: ஒன்று நேர் 5 வோல்ற்று, மற்றது எதிர் அல்லது நிலம். நடுவில் உள்ள இரண்டும் தரவுக்குரியவை. கேபிளின் உறையை உரித்தால் வழக்கமாகச் சிவப்பு வயர் நேர் முனைக்கும் கறுப்பு வயர் எதிர் முனைக்கும் போகும். பச்சையும் வெள்ளையும் தரவுக்குப் போகும். வழக்கமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, அதைப் பின்னர் சொல்கிறேன்.

மின்பிரிப்பானின் தத்துவம் ஒன்றே ஒன்றுதான்: எல்லாக் குதைகளும் சமாந்தரமாக இணைக்கப்பட வேண்டும். குதை என்பது பாடப்புத்தகச் சொல். கடையில் கேட்கும்போது சொக்கற் என்றே கேளுங்கள். ஓ.எல் விஞ்ஞானத்தில் தொடர்ச் சுற்று, சமாந்தரச் சுற்று என்று படித்தது இங்கேதான் கைகொடுக்கிறது. தொடராக இணைத்தால் 5 வோல்ற்றும் குதைகளுக்கிடையே பிளவுபட்டு ஒருவருக்கும் உதவாமல் போகும். சமாந்தரமாக இணைத்தால் ஒவ்வொரு குதையிலும் அதே 5 வோல்ற்று நிற்கும். பங்கு போடப்படுவது மின்னோட்டம், அதாவது அம்பியர், மட்டுமே.

வன்னியில் இதை விளக்குவதற்குக் குளத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. இரணைமடுவில் தண்ணீர் 36 அடியில் நிற்கிறது என்று சொன்னால், அந்த அடிக்கணக்குத்தான் வோல்ற்றளவு. வாய்க்காலில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது மின்னோட்டம். ஒரு வாய்க்காலில் மூன்று மடைகளைத் திறந்தால் மூன்று வயலுக்கும் தண்ணீர் போகும், ஆனால் வாய்க்கால் தாங்கும் தண்ணீர் கூடிவிடாது. மூவரும் ஒரே நேரத்தில் மடையை முழுதாகத் திறந்தால் வாய்க்காலின் மட்டம் இறங்கும், கடைசி வயல்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். மின்பிரிப்பானிலும் இதுவே நடக்கும். 2 அம்பியர் மட்டுமே தரக்கூடிய அடப்டரிலிருந்து மூன்று போன்கள் தலைக்கு 1 அம்பியர் இழுத்தால், அடப்டரின் வோல்ற்றளவு 5 இலிருந்து சரியும். நல்ல அடப்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், மலிவான அடப்டர் சூடேறி உருகும். ஓர் இடத்தில் மட்டும் இந்த உவமை பொருந்தாது: வாய்க்கால் ஒடுங்கியிருந்தால் தண்ணீர் குறையுமே ஒழிய வாய்க்கால் கொதிக்காது. மெல்லிய வயர் கொதிக்கும்.

ஆகவே எந்த வயரையும் தொடுவதற்கு முன்னர், மூலம், அதாவது மின்சாரம் தரும் சார்ஜர் அல்லது அடப்டர், எவ்வளவு தரும் என்பதைப் பார்க்க வேண்டும். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் வெளியீடு 5 வோல்ற்று, 1 அம்பியர் என்றோ 2 அம்பியர் என்றோ அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணே உங்கள் மொத்த வரவு. செலவு அதைத் தாண்டக்கூடாது. கணினியின் யூ.எஸ்.பி வாயைப் பொறுத்தவரை வரவு இன்னும் குறைவு: யூ.எஸ்.பி 2.0 விதிப்படி இணைத்த கருவி முதலில் 0.1 அம்பியர் மட்டுமே எடுக்கலாம், கணினியோடு பேசி அனுமதி பெற்ற பிறகே 0.5 அம்பியர் வரை எடுக்கலாம். நாம் செய்யப்போகும் பெட்டி கணினியோடு பேசாது. ஆதலால் இதை மடிக்கணினியில் செருகிப் போன்களை நிரப்பும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுவதே நல்லது.

பொருட்களுக்கு வருவோம். பழைய சார்ஜர் கேபிள் ஒன்றின் ஏ வகைச் செருகியுள்ள பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் போதும். ஏ வகைப் பெண் குதைகள் மூன்று, அவற்றைப் பொருத்துவதற்குத் துளையிட்ட சிறு செப்புப் பலகைத் துண்டு ஒன்று, சற்றே தடித்த சிவப்பு, கறுப்பு வயர்கள், ஒரு பியூஸ், சூடாக்கினால் சுருங்கும் பிளாஸ்ரிக் குழாய் கொஞ்சம், மூடியுள்ள சிறிய பெட்டி ஆகியவையும் வேண்டும். கருவிகளில் சோல்டரிங் அயனும் ஈயக் கம்பியும், வோல்ற்றளவு முதலியவற்றை அளக்கும் மல்ரிமீற்றரும் கட்டாயம். மல்ரிமீற்றர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்று கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன், ஏனென்றால் அது இல்லாமல் தொடங்கியவன் நான்.

முதன்முதலில் நான் செய்த பிரிப்பானுக்கு வாரச்சந்தையில் வாங்கிய மலிவான கேபிள் ஒன்றை வெட்டினேன். உள்ளே சிவப்பு இருந்தது, கறுப்பு இருந்தது; வேறு யோசனையே இல்லாமல் சிவப்பை நேர் என்று எண்ணிப் பற்றவைத்தேன். செய்து முடித்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ச் செருகி, பக்கத்து வயல் அண்ணையின் சின்ன வானொலியை முதற்குதையில் போட்டேன். அது ஒரு கணம் கீச்சென்றது, பிறகு மூச்சில்லை. பழைய கடதாசி கருகியது போன்ற ஒரு மணம் மட்டும் வந்தது. வீட்டுக்கு வந்து கேபிளைச் சோதித்தபோதுதான் அந்தச் செருகிக்குள் இரண்டு நிறங்களும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வயரின் நிறம் ஒரு வழக்கம் மட்டுமே, அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. வெட்டிய கேபிளை ஒரு சார்ஜரில் செருகி, மற்ற முனையில் உரித்த வயர்கள் ஒன்றோடொன்று முட்டாதபடி விரித்து வைத்து, மல்ரிமீற்றரை நேரோட்ட வோல்ற்றளவில் வைத்துத் தொட்டால், திரையில் 5 க்கு அண்மையான எண் காட்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தற்குறி இல்லாவிட்டால் மீற்றரின் சிவப்பு முனை தொடும் வயரே நேர். அரை நிமிட வேலை. அண்ணைக்கு வேறு வானொலி வாங்கிக் கொடுத்தேன்.

சில கேபிள்களை வெட்டினால் உள்ளே இரண்டே வயர்கள்தான் இருக்கும்; அவை சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமென்று செய்யப்பட்டவை. நமக்கு அவையே போதும், ஏனெனில் மூலத்திலிருந்து தரவு வயர்களை நாம் எடுக்கப்போவதில்லை. நான்கு வயர் உள்ள கேபிளாயின் பச்சையையும் வெள்ளையையும் வெவ்வேறு நீளத்தில் நறுக்கி, தனித்தனியே உறையிட்டு மூடிவிட வேண்டும்.

தரவு வயர்களை ஏன் விட்டுவிடுகிறோம் என்பதை விரித்துச் சொல்ல வேண்டும், புதியவர்கள் அதிகம் பிழைவிடுவது இங்கேதான். மின்சாரத்தை எத்தனை கிளையாகவும் பிரிக்கலாம். தரவை அப்படிப் பிரிக்க முடியாது. மூன்று போன்களின் தரவு வயர்களை ஒன்றாகக் கட்டினால், மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே தொலைபேசியில் பேசுவது போலாகிவிடும். தரவைப் பிரிப்பதற்கு ஹப் என்ற வேறு கருவி உண்டு. அதனுள்ளே ஒவ்வொருவரையும் முறைவைத்துப் பேசவிடும் சில்லு (சிப்) இருக்கும், அதை நாம் செய்யவில்லை. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. வேகமாகச் சார்ஜ் ஏற்றும் சார்ஜர்களில் ஒரு வகை, போன் தரவு வயர் வழியாகக் கேட்டதும் 5 வோல்ற்றை 9 ஆகவோ 12 ஆகவோ உயர்த்திக் கொடுக்கும். நம்முடைய பெட்டியில் தரவு வயர் மூலம்வரை போனால், ஒரு போன் 9 வோல்ற்றுக் கேட்கும். சமாந்தரச் சுற்று ஆகையால் அந்த 9 வோல்ற்று மற்ற இரண்டு குதைகளுக்கும் சேர்ந்தே போகும். 5 வோல்ற்றுக்குச் செய்யப்பட்ட ரோச் லைற்றும் வானொலியும் அதைத் தாங்கா. மூலத்துக்குப் போகும் தரவு வழியை அடைத்துவிட்டால், அப்படிப்பட்ட சார்ஜர் தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையென்று 5 வோல்ற்றிலேயே நிற்கும்.

மூலத்தின் பக்கம் தரவு முடிந்தது. குதைகளின் பக்கம் ஒரு தெரிவு இருக்கிறது. போன் தன்னைச் செருகிய இடம் கணினியா சார்ஜரா என்பதைத் தரவுத் தொடுகைகளைத் தடவிப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. 2010 இல் வந்த பற்றரிச் சார்ஜ் விதிப்படி, ஒரு குதையின் இரண்டு தரவுத் தொடுகைகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது தனிச் சார்ஜர் என்று பொருள், போன் 1.5 அம்பியர் வரை இழுக்கலாம். ஆகவே குதையின் நடு இரண்டு கால்களையும் ஒரு துளி ஈயத்தால் இணைத்தால் போன் விரைவாக நிரம்பும். அந்த இணைப்பு அந்தக் குதைக்குள்ளேயே முடிய வேண்டும், அடுத்த குதைக்குத் தாவக்கூடாது. ஆப்பிள் நிறுவனத்தார் நெடுங்காலம் வேறு முறை வைத்திருந்தார்கள்: தரவுத் தொடுகைகளில் 2 வோல்ற்று, 2.7 வோல்ற்று என்று குறித்த அளவுகளைத் தடையிகளால் நிறுத்தி, அதைக் கொண்டு போன் சார்ஜரின் வலுவை அறியும். தொடக்கத்திலேயே அதற்குள் இறங்க வேண்டியதில்லை.

எல்லாக் குதைகளிலும் அந்தத் துளி ஈயத்தை வைப்பது சரியா என்றால், மூலத்தைப் பொறுத்தது. மூலம் 2 அம்பியர் மட்டுமே தரும்போது மூன்று குதையும் தன்னைச் சார்ஜர் என்று அறிவித்தால், மூன்று போனும் சேர்ந்து 4.5 அம்பியர் வரை இழுக்க முனையும். ஆதலால் நான் ஒரு குதையில் மட்டும் இணைப்பு வைத்து, மற்ற இரண்டில் தரவுக் கால்களை வெறுமையாக விடுகிறேன். வெறுமையான குதையில் பல போன்கள் எச்சரிக்கையாகச் சுமார் 0.5 அம்பியர் மட்டும் எடுத்து ஆறுதலாக நிரம்பும். சில போன்கள் மறுத்துவிடவும் கூடும். வானொலியும் ரோச் லைற்றும் பெரும்பாலும் தரவைக் கவனிப்பதேயில்லை. விடியும்வரை நேரமிருக்கும் கொட்டிலில் ஆறுதலாக நிரம்புவது ஒரு குறையே அல்ல.

இனிப் பற்றவைப்பு. உள்வரும் சிவப்பு வயர் முதலில் பியூஸுக்குப் போக வேண்டும், பியூஸின் மற்ற முனையிலிருந்து மூன்று குதைகளின் நேர்க் கால்களுக்கும் கிளை பிரிய வேண்டும். கறுப்பு வயர் நேராக மூன்று குதைகளின் எதிர்க் கால்களுக்கும் போகலாம். மூலம் 2 அம்பியராயின் பியூஸும் 2 அம்பியர். ஒருமுறை எரிந்தால் மாற்ற வேண்டிய கண்ணாடிப் பியூஸும் உண்டு. மின்னோட்டம் மிஞ்சும்போது சூடாகித் தடையைக் கூட்டி, ஆறியதும் தானாகப் பழைய நிலைக்கு வரும் வகையும் உண்டு. பின்னது காட்டுக்குள் வசதி; ஆனால் வெளி வெப்பம் கூடக்கூட அது குறைந்த மின்னோட்டத்துக்கே நிறுத்திவிடும் என்பதால், சிறுபோக வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் காரணமில்லாமல் நின்று நின்று வேலை செய்யும். குதையின் கால்களில் எது நேர், எது எதிர் என்பதைப் படத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். முன்பக்கமாகப் பார்த்து வரைந்த படத்துக்கும் பின்பக்கமாகப் பார்த்து வரைந்த படத்துக்கும் இடவலம் மாறிவிடும். நல்ல கேபிளொன்றைக் குதையில் செருகி, மல்ரிமீற்றரின் தொடர்ச்சிச் சோதனையில் (தொடும் இரண்டு இடங்களும் இணைந்திருந்தால் மீற்றர் கத்தும்) மற்ற முனையோடு சேர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

வயரின் தடிப்பைப் பலர் பொருட்படுத்துவதில்லை, பிறகு சார்ஜ் ஏறவில்லையே என்று போனைக் குறைகூறுவார்கள். கேபிளின் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 28 ஏ.டபிள்யூ.ஜி, 24 ஏ.டபிள்யூ.ஜி என்று அச்சிட்டிருப்பது தெரியும். எண் கூடினால் வயர் மெல்லியது. 28 ஆம் இலக்கச் செப்பு வயரின் தடை ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். ஒரு மீற்றர் கேபிளில் மின்னோட்டம் போயும் வந்தும் இரண்டு மீற்றர் கடக்கிறது, ஆகவே மொத்தத் தடை 0.42 ஓமுக்குச் சற்று மேல். ஓமின் விதிப்படி 2 அம்பியர் ஓடினால் வழியிலேயே 0.85 வோல்ற்று தொலையும். 5 என்று புறப்பட்டது 4.15 ஆகப் போய்ச் சேரும், மீதி வயரைச் சூடாக்கும். 24 ஆம் இலக்க வயராயின் தொலைவது 0.34 வோல்ற்று மட்டுமே. வாய்க்காலின் கடைசி வயல் என்று மேலே சொன்னது இதைத்தான். ஆகவே உள்வரும் கேபிளை ஒரு சாணுக்கு மேல் நீட்டாமல், உள்ளே தடித்த வயரைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லாமற்போகும்.

சி வகை வாயைப் பற்றி ஒரு வார்த்தை. புதிய சார்ஜர்களில் இருக்கும் அந்த நீள்வட்ட வாய், மறுமுனையில் 5.1 கிலோஓம் தடையி ஒன்று இருப்பதை உணர்ந்த பின்னரே 5 வோல்ற்றைத் திறந்துவிடும். வெறும் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கு அது அசையாது. மூலம் சி வகையாக இருந்தால், கடையில் கிடைக்கும் சியிலிருந்து ஏக்கு மாற்றும் சிறு இணைப்பானை இடையில் போடுவதே எளிது, தடையி அதனுள்ளேயே இருக்கும். வெளிக்குதைகளை ஏ வகையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றவைத்து முடித்ததும் போனைச் செருகும் ஆசை வரும். பொறுக்க வேண்டும். முதலில் எதிலும் செருகாத நிலையில், நேருக்கும் எதிருக்கும் இடையே மீற்றர் கத்துகிறதா என்று பாருங்கள்; கத்தினால் எங்கோ ஒரு துளி ஈயம் இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு பழைய சார்ஜர் ஒன்றில் செருகி மூன்று குதைகளிலும் வோல்ற்றளவை அளக்க வேண்டும், 4.75 க்கும் 5.25 க்கும் இடையில் இருப்பது நல்லது. வெறுமனே அளந்தால் எல்லாப் பிரிப்பானும் நல்ல பிரிப்பானே, ஆகவே சுமை கொடுத்தும் அளக்க வேண்டும். 10 ஓம், 5 வாற்று வெள்ளைச் சீமெந்துத் தடையி ஒன்றை ஒரு குதைக்குக் குறுக்கே இணைத்தால் 0.5 அம்பியர் ஓடும், அதில் 2.5 வாற்று வெப்பமாகும். தடையி சுடும், கையால் தொட வேண்டாம். இரண்டு குதைகளில் இரண்டைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, பிரிப்பானின் வயரையும் பற்றவைத்த இடங்களையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. ஓர் இடம் மட்டும் சுட்டால் அங்கே ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. இவ்வளவும் 5 வோல்ற்றுப் பக்கத்து வேலை. 230 வோல்ற்று உள்ளே வரும் சார்ஜரின் உடலை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக்கூடாது. கொட்டிலின் 12 வோல்ற்றுப் பற்றரியும் ஏமாற்றும்: அதன் முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் வயரைப் பழுக்கக் காய்ச்சிக் கிடுகைப் பற்றவைக்கப் போதிய வலு அதற்கு உண்டு, ஆகவே பற்றரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே தனிப் பியூஸ் ஒன்று வேண்டும்.

பிரிப்பான் வந்தபின் பற்றரி முன்னரைவிட விரைவாக இறங்குகிறது என்று சிலர் முறையிடுவார்கள். பெட்டி எதையும் தின்னவில்லை. முன்பு வரிசையில் நின்றவர்கள் இப்போது ஒன்றாக உண்கிறார்கள். 12 வோல்ற்று, 7 அம்பியர்மணிப் பற்றரியில் அடங்குவது 84 வாற்றுமணி. 5,000 மில்லி அம்பியர்மணிப் போன் ஒன்று முழுதாக நிரம்ப ஏறத்தாழ 19 வாற்றுமணி வேண்டும், வழியில் நட்டமாவதையும் சேர்த்தால் 25 என்று வைக்கலாம். மூன்று போனையும் வெறுமையிலிருந்து நிரப்பினால் 75 போய்விடும். ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றை நிரப்புவதல்ல, மூன்றையும் பாதியாக்குவதே அந்தப் பற்றரியால் ஆகக்கூடியது. பவர் பாங்க்கைச் செருகினால் கணக்கே குலைந்துவிடும், அது பெருந்தீனிக்காரன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவால் வானொலி கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை; சுற்றுவதை நிறுத்தினால் செய்தி நின்றுவிடும் என்பது அவர்களுடைய கைக்கே தெரியும். எங்கள் கொட்டிலில் முதலில் ரோச் லைற் நிரம்பும், பிறகுதான் போன்கள்.

பெட்டியை மூடுமுன் உள்வரும் கேபிளில் ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சை உட்பக்கம் விடுங்கள். யாராவது வெடுக்கென்று இழுத்தாலும் இழுவை ஈயத்தில் விழாது. கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருந்தால் மழைத்தண்ணீர் வயர்வழியே உள்ளே இறங்காது. மிஞ்சும் இடைவெளியை அடைத்துவிடுங்கள், எறும்பு குடியேறினால் ஒரே வாரத்தில் உள்ளே கூடு கட்டிவிடும். கடைசியாக, மூடியின் மேல் அழியாத பேனையால் மொத்தம் 2 அம்பியர் என்றும், இணைப்பு வைத்த குதைக்கு மேலே வேகம் என்றும், மற்ற இரண்டுக்கும் மேலே ஆறுதல் என்றும் எழுதி வையுங்கள். காவல்முறை மாறி அடுத்த இரவு வருபவர் இருட்டில் ரோச் வெளிச்சத்தில் அதை வாசித்துக்கொள்வார்.